ஆறாம் குளத்தின் எண்

1. தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று நின்றுபோயிருந்தது. சில நாட்களாக வானமும் மூடிக் கிடந்தது.

2. கற்பிட்டியில் கடலேரியான களப்பின் ஓரம் இருக்கும் ஓர் இறால் பண்ணையில், விடியற்காலைச் சுபஹ் தொழுகைக்குப் பிறகு, ஆறாம் குளத்து இறால்கள் மூச்சு முட்டி நீரின் மேலே வந்தன.

3. பண்ணைக் குடிலில் எங்கள் நிறுவனம் பொருத்திக் கொடுத்திருந்த அளவுப் பெட்டியின் திரையில் ஆறாம் குளத்தின் எண் இருபத்திரண்டுக்கு இறங்கியிருந்தது. அது நீரில் கலந்திருக்கும் ஒட்சிசனின் அளவு. நாற்பதுக்கு மேல் இருந்தால் நிம்மதி, முப்பதுக்குக் கீழே போனால் ஆபத்து.

4. திரையில் மற்ற ஐந்து குளங்களின் எண்ணும் இருபத்திரண்டாகவே இருந்தது.

5. பண்ணையை நடத்தும், எல்லாருக்கும் அக்காவான பௌசியா ராத்தா, ஆறு குளங்களையும் அன்றைக்கே வடித்துப் பிடித்துவிடுவது என்று முடிவெடுத்து, வலைக்காரர்களுக்கும் ஐஸ் லொறிக்கும் சொல்லி அனுப்பினார்.

6. அதற்குப் பிறகுதான் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

7. நான் போய்ச் சேர்ந்தபோது, முதலாம் குளத்தின் நீரை வெளியேற்றும் மடைப் பலகையைத் தூக்குவதற்கு ஒருவர் குனிந்துகொண்டிருந்தார்.

இப்படி எழுதுவது ஓய்வு பெற்றவர்களின் வழக்கம். நான் ஓய்வு பெறவில்லை, வேறு வேலைக்குக் கொழும்புக்குப் போகிறேன், அவ்வளவுதான். ஆனால் என் மேசையில் இனி, வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த நீங்கள் மூவரும் உட்காரப்போகிறீர்கள். சி என்ற நிரல் மொழியில் எண்ணை எழுத்தாக மாற்றுவது எப்படி, எழுத்துச் சரங்களை அணியில் வைப்பது எப்படி என்பதெல்லாம் உங்களுக்குப் பாடத்தில் வந்திருக்கும். பரீட்சையில் அது ஒரு சின்னக் கேள்வி. அந்தச் சின்னக் கேள்விக்குப் பின்னால் ஒரு முழுப் பண்ணை நின்றிருந்த காலையைப் பற்றி உங்களுக்குச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை.

அந்தக் காலையை நினைத்தால் முதலில் வருவது அதன் அமைதி. களப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை. தூரத்தில் உச்சமுனைத் தீவு, தண்ணீரைத் தொடாமல் சற்று மேலே மிதப்பதுபோல இருந்தது. வழக்கமாக அந்தப் பருவத்தில் ஆலங்குடாப் பக்கம் தென்னைகளுக்கு மேலே அலைமேல் சறுக்கி விளையாடும் வெள்ளைக்காரர்களின் காற்றாடிகள் நிறம் நிறமாக நிற்கும். அன்றைக்கு ஒன்றுகூட இல்லை. தண்ணீரை அடித்துக் காற்றைக் கலக்கும் சக்கரங்கள் மட்டும் குளங்களில் ஓடின. அவை எழுப்பிய நுரை எங்கும் போகாமல் அங்கங்கே பூத்தபடி நின்றது. முகில் மூடிய சாம்பல் வெளிச்சத்தில், நான் இன்னும் விழித்தெழவில்லையோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

அன்டனி அண்ணனின் குரல்தான் எழுப்பியது. அவர் வலைக்காரர்களின் தலைவர், சிலாபத்துக்காரர், பருவத்துக்கு ஆட்களோடு கற்பிட்டியில் தங்கியிருந்தவர்.

"மிஸ் வந்தாச்சு. இனி இறாலுக்கு ஊசி போடுவாங்க. பலகையைத் தூக்கவா, வேணாமா? ஐஸ் கரையுது."

பௌசியா ராத்தா குடில் வாசலில் நின்றார். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தார். காற்சட்டையெல்லாம் சேறாக, அவருடைய தம்பி ரிஸ்வான் பக்கத்தில் நின்றார். எங்கள் வேலையை அவர் ஒருபோதும் மதித்ததில்லை. அதை மறைத்ததுமில்லை.

"எண்பதாயிரம் குஞ்சு விட்டா எண்பதாயிரம் பேருக்கும் பேர் வைப்பாங்க இவங்க" என்றார் ரிஸ்வான். "ராத்தா, பெட்டி சொல்லுது. ஆறாம் குளத்தில இறால் மேல வந்திட்டு. மத்தக் குளமும் அதே எண். இன்னும் என்னத்துக்குப் பார்க்கணும்?"

"வாயை மூடுடா" என்று சொல்லிவிட்டு ராத்தா என்னைப் பார்த்தார். "தங்கச்சி, ஒரே ஒரு கதை சொல்லுங்க. உங்கட பெட்டி சரியா, பிழையா?"

அவர் கேட்ட கேள்வியின் கனத்தை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். இறால் அப்போது பாதி வளர்ச்சிதான். வடித்துப் பிடித்தால் சின்ன இறாலாகப் போகும், பருவம் அத்தோடு முடியும். இதற்கு முந்திய பருவம் நோயில் போயிருந்தது. இந்தப் பருவமும் போனால் பண்ணையைக் கைவிட்டு ரிஸ்வான் கத்தாருக்குப் போவதென்று அந்த வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். வாப்பா மௌத்தாகிப் போன பிறகு அக்காவும் தம்பியும் சேர்ந்து உப்பு மண்ணில் வெட்டிய குளங்கள் அவை. அதேநேரம் பெட்டி உண்மை சொல்லி, நாம் பிடிக்காமல் விட்டால், வெயில் ஏறுவதற்குள் ஆறு குளத்திலும் மிதப்பது பிணங்கள்தான். மடைப் பலகையைத் தூக்கிவிட்டால் திரும்பப் போட முடியாது. போன தண்ணீர் போனதுதான்.

"தெரியாது ராத்தா" என்றேன்.

ரிஸ்வான் வானத்தைப் பார்த்துச் சிரித்தார். தெரியாது என்று சொல்ல நேரும்போது உங்கள் முன்னாலும் யாராவது இப்படிச் சிரிப்பார்கள். சொல்லிப் பழகுங்கள்.

கையில் பிடித்து அளக்கும் மீட்டர் இருந்திருந்தால் எல்லாம் சுலபம். அது அன்று முந்தல் பக்கம் வேறொரு பண்ணைக்குப் போயிருந்தது. ரிஸ்வான் முதலாம் குளத்தையும் இரண்டாம் குளத்தையும் சுற்றி வந்திருந்தார். மேலே இறால் இல்லை. "வந்தாப் பிறகு பார்த்து என்ன செய்ய? செத்த மையித்தையா எண்ணுறது?" என்றார். அதுவும் நியாயம்தான்.

ஆகவே நான் குடிலுக்குள் போய்த் திரையின் முன்னால் உட்கார்ந்தேன். வெளியே ஒரு கூட்டம் காத்திருக்கும்போது ஒரு பெண் சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு நீளமான வேலை என்று அன்றுதான் தெரிந்தது. ஆறு வரிகளும் இருபத்திரண்டு காட்டின. சற்றுப் பொறுத்து ஆறும் இருபத்தொன்று. பிறகு ஆறும் இருபத்திரண்டு. பிறகு ஆறும் இருபது.

எண் ஒன்றாக இருப்பதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. ஒரே வாய்க்காலிலிருந்து நீர் எடுக்கும் குளங்கள் அவை. ஒரே வெயிலிலும் ஒரே காற்றிலும் கிடப்பவை. நல்ல காற்று வீசும் நாட்களில் ஆறும் ஐம்பதை ஒட்டியே நிற்கும். அதனால்தான் பெட்டியைப் பொருத்திய நாளிலிருந்து ஒருவரும் அதை விசித்திரமாகப் பார்க்கவில்லை. ஆனால் இவை ஒரே எண்ணில் நின்றதோடு விடவில்லை. சேர்ந்து ஏறின, சேர்ந்து இறங்கின. ஆறு பேர் ஒரே பாயில் படுத்துத் தூங்கலாம். ஆறு பேரும் ஒரே மூச்சை ஒரே நேரத்தில் இழுத்து விட மாட்டார்கள்.

இது ஆதாரமல்ல, வெறும் சந்தேகம்தான். ஆனால் ஒரு சந்தேகத்தைச் சோதித்துப் பார்க்கும் வரை திரும்பப் பெற முடியாத காரியம் எதையும் செய்யக் கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அந்தக் கதிரையில் உட்கார்ந்திருந்தபோது விளங்கியது.

வெளியே வந்து சொன்னேன்: "அன்டனி அண்ணன், ஆறாம் குளத்தை மட்டும் வடியுங்க. அதில கண்ணால பார்த்தாச்சு. மற்ற ஐந்திலும் கை வைக்காதீங்க. ரிஸ்வான் நானா, ஆறாம் குளத்துச் சென்சரை மட்டும் தண்ணியில இருந்து தூக்கிக் காற்றில பிடிங்க. நான் சொல்லும் வரைக்கும்."

"காத்தில பிடிச்சு?"

"பிடிச்சுக்கொண்டு நில்லுங்க."

"இனி குடையும் பிடிக்கச் சொல்லுவாங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். ஆனாலும் போனார்.

குடிலுக்குப் பக்கத்திலேயே ஆறாம் குளம். வரம்பில் நின்று அவர் சென்சரை உயர்த்திப் பிடித்தது கதவு வழியே தெரிந்தது. மீனைக் காட்டுவதுபோல் பிடித்திருந்தார். அவருக்குப் பின்னால் ஆறாம் குளத்து மடையின் முதல் பலகை தூக்கப்பட்டு, சேற்று நீர் பெரிய சத்தத்தோடு வலைக்குள் பாய்ந்தது. காற்றில் ஒட்சிசன் அதிகம் என்பதால் ஆறாம் வரி மட்டும் ஏற வேண்டும் என்று திரையைப் பார்த்தேன். ஆறாம் வரி முப்பது, நாற்பது, அறுபது என்று ஏறியது. மற்ற ஐந்தும் கூடவே முப்பது, நாற்பது, அறுபது. கடைசியில் ஆறும் எழுபத்தெட்டில் போய் நின்றன.

ராத்தா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "யா அல்லாஹ்! எல்லாக் குளமும் சுகமாயிட்டா?"

"இல்ல ராத்தா. எல்லா வரியும் ஆறாம் குளத்தையே சொல்லுது. மற்ற ஐந்தும் எப்படி இருக்கெண்டு இந்தப் பெட்டி இதுவரைக்கும் ஒருநாளும் சொல்லவே இல்ல."

அவர் பக்கத்தில் கிடந்த முக்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

என்ன நடந்திருந்தது என்று உங்களுக்குச் சொல்கிறேன். ராத்தாவுக்கும் பிறகு இப்படியேதான் சொன்னேன். இருபத்திரண்டு என்பது கணினிக்கு ஒரே ஒரு எண். திரைக்கு அது வேண்டியதில்லை. அதற்கு வேண்டியது 'இரண்டு' என்ற குறி, இன்னொரு 'இரண்டு' என்ற குறி, இத்துடன் முடிந்தது என்று சொல்லும் ஒரு பூச்சியக் குறி. இவற்றை எழுதிவைக்க நினைவகத்தில் கொஞ்சம் இடம் வேண்டும். எங்கள் பழைய பெட்டிக்கு ஒரே ஒரு வரித் திரை. அதற்காக ஒரு சிறு இடம் ஒதுக்கி, வரும் எண்ணை அதில் எழுத்தாக மாற்றிக் காட்டினோம். அது பல பண்ணைகளில் பிசகின்றி ஓடியது. பிறகு ஆறு வரித் திரை வந்தபோது, என்னோடு வேலை செய்த நுவன் ஆறு உறுப்புகள் கொண்ட ஓர் அணியைச் சேர்த்தார். ஒவ்வொரு குளத்தின் எண்ணையும் எழுத்தாக மாற்றி அணியில் போட்டார். போட்டதாகத்தான் அவரும் நாங்களும் நினைத்தோம்.

சி மொழியில் அப்படியொரு அணி எழுத்துகளை வைத்துக்கொள்வதில்லை. எழுத்துகள் எங்கே இருக்கின்றன என்ற முகவரியை மட்டுமே வைத்துக்கொள்கிறது. எழுதும் இடமோ பழைய ஒன்றேதான். முதலாம் குளத்தின் எண் அங்கே எழுதப்பட்டது. அதை அழித்து அதன் மேலேயே இரண்டாவது, பிறகு மூன்றாவது. கடைசியாக எழுதப்பட்ட ஆறாவது மட்டும் அங்கே எஞ்சியது. ஆறு கதவுகளைத் தட்டுகிறோம் என்று நினைத்து ஒரே வீட்டை ஆறு முறை தட்டிக்கொண்டிருந்தோம். திறந்தவரும் ஒவ்வொரு முறையும் ஒரே ஆள்.

பொருத்திய நாளில் நாங்கள் சரிபார்க்காமல் விடவில்லை. கைமீட்டரைக் கொண்டுபோய்க் குளத்தில் விட்டுத் திரையோடு ஒப்பிட்டோம். இரண்டும் ஒத்துப்போயின. எந்தக் குளம்? குடிலுக்குப் பக்கத்தில் இருந்த குளம். ஆறாவது. கால் சேறாகாமல் போய்வரக்கூடியது அது ஒன்றுதான். அன்று காலை ராத்தா தன் கண்ணால் பார்த்துத் திரையை நம்பியதும் அதே குளத்தை வைத்துத்தான். நாங்கள் எல்லாரும் சோதித்துப் பார்த்த ஒரே இடம், பெட்டி உண்மை சொன்ன ஒரே இடமாக இருந்தது. நீங்கள் சோதிக்கப் போகும்போது தூரத்துக் குளத்துக்கு நடந்து போங்கள்.

நுவனுக்குத் தொலைபேசி எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"அனே நங்கி" என்றார், 'ஐயோ தங்கச்சி' என்று சிங்களத்தில். "அது நல்லா ஓடின கோட் தானே."

"ஓம், ஒரு வரியில நல்லா ஓடினது."

"நான் இப்பவே மாத்தி அனுப்புறன். ஒவ்வொரு வரிக்கும் தனித்தனி இடம். சின்ன வேலை. நீங்க லேப்டொப்ப பெட்டியில சொருகுங்க."

சின்ன வேலைதான். ஒரே ஒரு இடத்துக்குப் பதிலாக ஆறு இடங்கள், ஒவ்வொன்றிலும் முடிவுக் குறிக்கும் சேர்த்துப் போதிய நீளம். நுவன் பிழையாக எழுதக்கூடியவருமில்லை. ஆனால் அந்தக் குடிலில் மின்சாரம் அடிக்கடி சிமிட்டும். புதிய நிரலை ஏற்றும்போது பாதியில் நின்றால் பெட்டி ஊமையாகிவிடும். பெட்டியில் உண்மை பேசும் வாய் ஒன்றே ஒன்று இருந்தது. அவசரத்தில் அதையும் மூடிவிட எனக்குத் துணிவு வரவில்லை.

"இப்ப வேணாம்" என்றேன். "பின்னேரம் பார்ப்போம்."

"திருத்தாம என்ன செய்யப் போறீங்க?"

"வயரை மாத்தப் போறன்."

ஆறாம் குளத்தின் வயரைப் பெட்டியிலிருந்து கழற்றினேன். அந்த இடத்தில் முதலாம் குளத்தின் வயரைச் சொருகினேன். கடைசியாக எழுதப்படுவது மட்டுமே எஞ்சும் என்றால், எந்தக் குளத்தைக் கடைசியில் வைத்தாலும் அதன் எண் தெரியத்தானே வேண்டும். சென்சருக்குச் சென்சர் அளவு கொஞ்சம் முன்பின் போகலாம். அன்று எங்களுக்கு வேண்டியது நுணுக்கமல்ல, உயிரோடு இருக்கிறதா என்பதுதான்.

திரை யோசித்தது. பிறகு ஆறு வரிகளிலும் நாற்பத்தாறு.

"ஒண்டாம் குளம் நாற்பத்தாறு" என்று சத்தமாகச் சொன்னேன்.

ரிஸ்வான் வாசலுக்கு வந்துவிட்டார். சென்சரைக் கையிலிருந்து வைக்க அவருக்கு நினைவில்லை. அதன் வயர் அவர் காலைச் சுற்றிக் கிடந்தது. "ரெண்டு?" என்றார்.

"நாற்பத்திநாலு."

"மூணு?"

"நாற்பத்தஞ்சு."

"நாலு?"

நாலாம் குளம் முப்பத்தொன்றில் நின்றது. ஐந்து நாற்பது என்று வந்தபிறகும் நாலாம் குளத்தின் எண்ணே குடிலுக்குள் தங்கியிருந்தது. வெளியே அன்டனி அண்ணன் ஆட்கள் ஆறாம் குளத்து வலையை இழுத்தபடி ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் வெகு தூரத்திலிருந்து, களப்புக்கு அப்பாலிருந்து வருவதுபோல் கேட்டது.

"நாலையும் வடிப்போமா?" என்று ரிஸ்வான் மெதுவாகக் கேட்டார். அன்று அவர் கேலி இல்லாமல் பேசியது அந்த ஒரு வசனம்தான்.

ராத்தா எழுந்தார். "வடிக்கிறதில்ல. ஒண்டாம் குளத்தில ரெண்டு வீல் ஓடுது. ஒண்டைக் கழட்டி நாலில போடு. ஆறாம் குளத்து வீலும் இனிச் சும்மாதானே, அதையும் கொண்டு போ. தீனி இன்டைக்கு ஒரு குளத்துக்கும் போடாதே." பிறகு என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நாலை அந்தச் சொருகிலயே வச்சிட்டு நீங்க எண்ணைச் சொல்லிக்கொண்டு இருங்க. முப்பதுக்குக் கீழ போனா மட்டும் என்னைக் கூப்பிடுங்க."

முடிவு அவருடையது. எங்கள் வேலை முடிவெடுப்பதல்ல. முடிவெடுப்பவரின் கையில் உண்மையான எண்ணைக் கொண்டுபோய்க் கொடுப்பது மட்டுமே.

நான் அங்கேயே இருந்தேன். முப்பத்தொன்று முப்பதானது. முப்பதில் நெடுநேரம் நின்றது. சக்கரத்தை மிதவையோடு கட்டி, இடுப்பளவு நீரில் இழுத்துக்கொண்டு போனார்கள். முகில் வழியே வெளிச்சம் பால்போல இறங்கியது. எண்ணைப் பார்த்துப் பார்த்து, எண் என்னைப் பார்ப்பதுபோல் ஆனது. முப்பத்தொன்று. முப்பத்துமூன்று. சக்கரங்கள் நாலாம் குளத்தில் வெள்ளையாகச் சுழன்றன. நண்பகல் ளுஹர் பாங்கு கேட்டபோது எண் முப்பத்தெட்டில் இருந்தது. அன்டனி அண்ணன் தலையை உள்ளே நீட்டினார்.

"அப்ப எங்களுக்கு ஒரு குளம்தானா வேலை? ஆறு குளமெண்டு சொல்லி ஆறு குளத்துக்கு ஆள் கூட்டி வந்தன்."

"ஆறு வரியிலயும் ஒரு குளம்தான் அண்ணன்" என்றார் ரிஸ்வான். "பெட்டியிட்டக் கேளுங்க."

பின்னேரம், எல்லாம் அடங்கிய பிறகு, வயர்களைப் பழைய இடங்களில் சொருகி, நுவன் அனுப்பிய திருத்தத்தை ஏற்றினேன். பாதியில் ஒருமுறை மின்சாரம் சிமிட்டியது, போகவில்லை. ஆறு வரிகளில் ஆறு வெவ்வேறு எண்கள் வந்து நின்றன. ஆறாம் வரியில் மட்டும், காய்ந்த வரம்பில் கிடந்த சென்சர் காற்றின் அளவைக் காட்டியது. ராத்தா அந்தத் திரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் புறப்பட்டபோது வாசல் படலை வரைக்கும் கூடவே வந்தார். நான் கேட்கப் பயந்திருந்ததை அவரே கேட்டார்.

"நாலைத் தவிர மத்ததெல்லாம் நல்லா இரிக்கெண்டு முதல்லயே தெரிஞ்சிருந்தா, அங்க இருந்த வீலையெல்லாம் ஆறாம் குளத்தில போட்டு அதையும் காப்பாத்தியிரிக்கலாம், என்ன?"

"ஓம் ராத்தா. பாதியையாவது."

"ம்" என்றார். படலையைத் திறந்துவிட்டார்.

ஆறாம் குளத்தை வடியுங்கள் என்று சொன்னவள் நான். அந்த நிமிடத்தில் எனக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால், இன்றைக்கும் அதையேதான் சொல்வேன். ஆனாலும் அந்த நீர் வலைக்குள் பாய்ந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அவசரத்தில் எடுக்கும் சரியான முடிவுக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையை ஒரு குளமாவது கொடுக்கும். இதற்கு ஆறுதல் எதையும் நான் கண்டுபிடிக்கவில்லை. நீங்களும் தேட வேண்டாம்.

இப்போதைய நிலை இது. ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்தாம் குளங்களின் இறால் முழு வளர்ச்சி பெற்ற பிறகு பிடிக்கப்பட்டது. நாலாம் குளத்தில் ஒரு பகுதி அன்றைய மூச்சு முட்டலில் செத்தது, மிச்சம் தேறியது. நாங்கள் பெட்டி கொடுத்த எல்லாப் பண்ணைகளிலும் அந்த நிரல் திருத்தப்பட்டுவிட்டது. ரிஸ்வான் கத்தாருக்குப் போகவில்லை. கடவுச்சீட்டை மட்டும் புதுப்பித்து வைத்திருக்கிறார். ஐந்து குளங்களில் புதிய குஞ்சுகள் விட்டிருக்கிறார்கள். ஆறாம் குளத்து இறால் சின்ன இறாலாகவே விற்கப்பட்டது, அந்தக் குளத்தில் இந்தப் பருவம் ஒன்றும் விடவில்லை.